தையலைக் காத்த தையல்

ஜூலியஸ் சீஸர் தாயின் வயிற்றைக் கீறிப் பிறந்தவன், அதனால்தான் அந்தச் சிகிச்சைக்கு 'சிஸேரியன்' என்று பெயர் வந்தது என்று வெகுகாலம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சரித்திரம் அதை ஒப்புக்கொள்வதில்லை. சீஸரின் தாய் அவுரேலியா, மகன் பெரும் படைத்தலைவனாகும் வரையில் உயிரோடு இருந்து, கி.மு. 54-ல் காலமானவள். அந்நாளில் வயிற்றைக் கீறிய பின் தாய் பிழைப்பது ஏது? கர்ப்பிணி இறந்துவிட்டால், சிசுவை வெளியே எடுக்காமல் அடக்கம் செய்யலாகாது என்பது ரோமாபுரிச் சட்டம். பிணத்துக்குச் செய்த காரியமே ஒழிய, பெண்ணுக்குச் செய்த உபகாரமல்ல.

நூற்றாண்டுகள் பல கழிந்தன. 1847-ல் குளோரோபாரம் பிரசவ அறைக்குள் வந்தது. 1867-ல் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையை வெளியிட்டார். அப்படியும் தாய்மார்கள் மாண்டுகொண்டுதான் இருந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? வயிற்றின் மேற்புறத்தைத் தைத்த டாக்டர்கள், உள்ளே கருப்பையைப் பெரும்பாலும் தைக்காமல் விட்டுவிட்டார்கள்! அது தானே சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பிக்கை. உள்ளே தையல் போட்டால் பிறகு எப்படிப் பிரிப்பது என்று பயம். பாவம், உதிரம் பெருகியே எத்தனையோ பெண்கள் போனார்கள்.

1876 மே 21-ம் தேதி, இத்தாலியில் பவியா நகரத்து டாக்டர் எட்வர்டோ போரோ ஒரு துணிவான காரியம் செய்தார். எலும்பு நோயால் இடுப்பு குறுகிப்போன இளம்பெண் ஒருத்தி. குழந்தையை எடுத்த கையோடு கருப்பையையும் அறுத்து நீக்கிவிட்டார். தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தது. ஆனால், அவளுக்கு இனி மறு குழந்தை இல்லை. உயிருக்குக் கொடுத்த விலை அது.

அந்த விலையும் வேண்டியதில்லை என்று காட்டியவர், ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் ஸாங்கர். முப்பது வயதுகூட நிரம்பாதவர். வெள்ளி இழையாலும் பட்டு நூலாலும் கருப்பையையே தைத்து மூடலாம் என்று 1882-ல் எழுதினார். அவ்வளவுதான், ஒரு தையல்!

1888 ஏப்ரலில் கிளாஸ்கோ பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டர் முர்டாக் காமரூன், நாலடி உயரங்கூட இல்லாத ஓர் ஏழைப் பெண்ணுக்குச் சிகிச்சை செய்து, கருப்பையைத் தைத்து, தாயையும் மகனையும் பிழைக்க வைத்தார். நன்றி மறவாத அந்தத் தாய், குழந்தைக்கு 'சீஸர் காமரூன்' என்று பெயரிட்டாள். ரோமாபுரிச் சீஸருக்குப் பொருந்தாத கதை, இந்தச் சீஸருக்கு முற்றும் பொருந்திவிட்டது.

இன்று சிஸேரியனுக்கு முன்கூட்டியே நாள் குறிக்கிறார்கள். அவசரம் ஒன்றுமில்லையானால், பெரும்பாலும் 39 வாரம் நிறைந்த பிறகுதான். முதுகில் ஓர் ஊசி. மார்புக்குக் கீழே மரத்துப்போகிறது. முகத்துக்கு எதிரே ஒரு திரை. அவள் விழித்துக்கொண்டேயிருக்கிறாள். இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியாது. சில நிமிஷங்களில் குழந்தையின் குரல் கேட்டுவிடும்.

அதற்குப் பிறகும் அரைமணி நேரம் அவள் அப்படியே கிடக்க வேண்டியிருக்கும். 'குழந்தைதான் பிறந்துவிட்டதே, இன்னும் என்ன செய்கிறார்கள்?' என்று மனம் பதறும். பதற வேண்டாம், அம்மா. திரைக்கு அப்பால் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். முன்னாளில் அந்தப் பெண்களுக்கெல்லாம் கிடைக்காமல் போன அரைமணி நேரம் அது.