காய்ச்சலும் காந்தப் பொடியும்

சூடு பட்டால் புற்றுக்கட்டி சுருங்கும் என்ற எண்ணம் புதிதல்ல. 1866-ல் ஜெர்மனியின் பான் நகரில் புஷ் என்ற அறுவை மருத்துவர் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். முகத்தில் புற்றுக்கட்டி இருந்த நோயாளிக்கு எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று வந்து கடும் காய்ச்சல் அடித்தது. அதன்பின் கட்டியைக் காணோம்! 1891-ல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற மருத்துவர் ஒரு படி மேலே போய், அந்தக் கிருமியையே நோயாளிகளின் உடம்பில் செலுத்தத் தொடங்கினார். சிலருக்குக் கட்டி கரைந்தது. சிலர் தொற்றாலேயே இறந்தார்கள். அங்கே வேலை செய்தது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என்றுதான் இன்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் சூட்டைப் பற்றிய ஆராய்ச்சி நிற்கவில்லை.

42, 43 டிகிரி செல்சியஸில் புற்றணுக்கள் தளர்ந்துபோகும். கதிர்வீச்சுக்கு எளிதில் பணியும். ஆனால் உடம்பு முழுவதையும் அந்தச் சூட்டில் வைத்தால் ஆள் தாங்க மாட்டார். கட்டியை மட்டும் எப்படிச் சூடாக்குவது?

1957-ல் சிகாகோவில் கில்கிறிஸ்ட் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் ஒரு வழி சொன்னார்கள். நுண்ணிய இரும்பு ஆக்சைடு பொடியை நிணநீர் முடிச்சுகளில் சேர்த்து, வெளியிலிருந்து வேகமாக மாறும் காந்தப் புலத்தைக் காட்டினார்கள். நம் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புப் பாத்திரம் வைத்தால் சுடும், மண்சட்டி வைத்தால் சுடாது. கிட்டத்தட்ட அதே கதைதான்: பொடி இருக்கும் இடம் சூடாகும், மற்ற சதை பெரிதாகச் சூடாகாது.

பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் ஆண்ட்ரியாஸ் ஜோர்டான் 1990-களில் இதை நானோ துகள்களைக் கொண்டு வளர்த்தெடுத்தார். ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர். இவர் துகள்களின் இரும்புக் கரு அதில் பத்துப் பன்னிரண்டு கூறு அளவே. 2003-ல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. 2010-ல் மூளைக் கட்டிக்காக ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. 2011-ல் வெளியான ஆய்வில் 66 பேர். அவர்களில் 59 பேருக்கு மூளைப் புற்று திரும்ப வந்திருந்தது. கதிர்வீச்சும் காந்தச் சூடும் சேர்ந்து, திரும்ப வந்தபின் இவர்கள் வாழ்ந்த இடைநிலைக் காலம் 13.4 மாதம். ஒப்பிட எடுத்த பழைய கணக்கு 6.2 மாதம். ஆனால் இந்தச் சிகிச்சை பெறாத ஒரு குழுவைக் கூடவே வைத்துப் பார்க்கவில்லை என்பது பெரிய குறை.

வேறு தொல்லைகளும் உண்டு. தலைப்பக்கத்தில் உலோகம் கூடாது என்பதால் பல்லை அடைத்த உலோகத்தைக்கூட எடுக்க வேண்டும். தங்கிவிட்ட இரும்பு மறைப்பதால் பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தும் பார்க்க முடியாது. இந்தச் சிகிச்சையை விற்ற ஜெர்மன் நிறுவனம் 2022-ல் திவாலானது.

ஆகவே நண்பர்களே, "காந்தத்தால் புற்றுநோய் ஓடிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் முழுக்கப் பொய் என்று தள்ளவும் வேண்டாம், அதை நம்பி மருத்துவர் சொன்ன சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அந்த 59 பேருக்கும் காந்தத்தோடு கதிர்வீச்சும் கொடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.