சர்ப்பகந்தாவும் இரு முனைகளும்: கல்கத்தாவில் தொடங்கிய ஒரு வரலாறு

கரியாஹாட் நாற்சந்தியிலிருந்து திலஜலா அதிகத் தொலைவில் இல்லை. அங்குள்ள லும்பினி பார்க் மனநல மருத்துவமனை 1940-இல் கிரீந்திரசேகர் போஸின் முயற்சியால் உருவானது. இந்நகரின் மனநல வரலாறு என்றாலே அவர் ஃபிராய்டுடன் நடத்திய கடிதப் போக்குவரத்தே பேசப்படுகிறது. ஆனால் இருமுனைப் பிறழ்வின் உயிரியலுக்குக் கல்கத்தா அளித்த கொடை வேறொன்று. அது ஒரு செடியின் வேர்.

சர்ப்பகந்தா. பீகாரில் அதற்குப் ‘பாகல் கீ தவா’, அதாவது பைத்திய மருந்து, என்றே பெயர். 1931-இல் கவிராஜர் கணநாத் சென்னும் மருத்துவர் கார்த்திக் சந்திர போஸும் ‘இந்தியன் மெடிக்கல் வேர்ல்டு’ இதழில் அவ்வேரைப் பற்றி எழுதினர். பித்துக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உரிய புதிய இந்திய மருந்து எனத் தலைப்பே அறிவித்தது. வேர்ப்பொடி உறக்கம் தருகிறது, வெறியைத் தணிக்கிறது என்பது அவர்கள் கண்டது.

மொழியியல் பயின்றவள் என்ற முறையில் என் கவனம் ‘பித்து’ என்னும் சொல்லின் மீது நிற்கிறது. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கியிருந்தன. பாரிஸில் ஃபால்ரே 1854-இலேயே எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வருவதை ஒரே நோயின் சுழற்சியாக விவரித்திருந்தார். 1899-இல் கிரெப்பெலின் அதற்கு இடம் வகுத்தார். எழுச்சிக் கட்டத்தில் உறக்கத்தின் தேவை குறையும், களைப்புத் தெரியாது. பேச்சு பெருக்கெடுக்கும், சில வேளை பொருளை விட்டு ஒலியைப் பற்றிக்கொண்டு சொல்லுக்குச் சொல் தாவும். சோர்வுக் கட்டத்தில் அதே மனிதர் ஒரு விடைக்கும் வாய் திறக்கமாட்டார்.

1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா ஆய்வகம் அவ்வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தது. இரத்த அழுத்தத்துக்காக அதை உட்கொண்டோரில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாயினர். ரிசர்பின் மூளையில் செரடோனின், நார்அட்ரினலின் போன்றவற்றின் சேமிப்பைக் காலிசெய்கிறது என்பது அதே பத்தாண்டில் தெளிவாயிற்று. இவ்விரண்டையும் இணைத்தே, நார்அட்ரினலின் குறைந்தால் சோர்வு, மிகுந்தால் எழுச்சி என்னும் கருதுகோளை 1965-இல் ஷில்ட்கிராட் முன்வைத்தார்.

கருதுகோள் எளிமையானது, உண்மை அத்தனை எளிமையாக இல்லை. 1955-இலேயே இலண்டனில் டேவிஸும் ஷெப்பர்டும் பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு ரிசர்பின் நன்மை செய்ததைப் பதிவுசெய்திருந்தனர். சோர்வு நீக்கிகள் வேதிப்பொருளை உடனே உயர்த்தினாலும் மனம் தெளியச் சில வாரங்கள் ஆகின்றன. மரபணுக்கள், உடலின் நாள்-இரவுத் தாளம் எனத் தேடல் இன்று விரிந்துள்ளது.

ஆகவே, “இருமுனைப் பிறழ்வுக்கு நம் முன்னோரே மருந்து கண்டனர்” என்று பெருமையுடன் பகிரப்படும் பதிவுகளை நான் ஏற்பதில்லை. சென்னும் போஸும் அவ்வாறு கூறவில்லை. நோயின் ஒரு முனையைத் தணித்த அவ்வேர் மறுமுனைக்குத் தள்ளவும் கூடும் என்ற ஐயமே ஆய்வை முன்நகர்த்தியது. இன்று இரு முனைகளுக்கும் அரணாக நிற்பது, 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் அறிமுகப்படுத்திய லித்தியம். அதுவும் இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்தபடியே கொடுக்கப்படுவது. அப்பதிவை நம்பி ஒருவர் லித்தியத்தை நிறுத்திவிட்டு வேர்ப்பொடியை நாடினால், நாம் கொண்டாடிய பெருமைக்கு விலை கொடுப்பவர் அவரே.