கேட்டுப் பார்க்காத பிள்ளைகள்

நான் தொடக்கப்பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். 'கெட்டிக்காரப் பிள்ளை'களைப் பொறுக்கி முன்வரிசையில் உட்கார வைத்தவன். ஒருநாள் களையெடுக்கப் போகிற வழியில் ஒரு அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்னாங்க. "எம்புள்ள மக்குன்னு எப்புடி சார் கண்டுபிடிச்சீங்க? அவன ஒரு கேள்வியாச்சும் கேட்டுப் பாத்தீங்களா?" எனக்கு வாய் எழவில்லை. பின்னாளில் அமெரிக்கக் கல்வி வரலாற்றைப் படிக்கையில் அந்தக் கேள்வியே மறுபடி எதிரே வந்து நின்றது. கேட்டவர்கள் கறுப்பினப் பெற்றோர்.

அமெரிக்காவின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் 'மீத்திறன்' பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. ஆசிரியர் பெயர் கொடுப்பார். அப்புறம் அறிவுத்திறன் சோதனை. தேறினால் தனி வகுப்பு, அல்லது வாரத்தில் சில மணி நேரம் தனிப் பாடம். "அந்தச் சில மணி நேரம் எந்த மூலைக்கு?" என்று உள்ளே இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் குறைப்படுகிறார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் பெயரே கொடுக்கப்படாத பிள்ளையின் பெற்றோர் எங்கே போய்ச் சொல்வது?

இந்தச் சோதனையின் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1905இல் பிரான்சில் ஆல்ஃபிரட் பினே இதை உருவாக்கியது, படிப்பில் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். பிறவி அறிவை அளக்கும் கோலாக அவர் அதைக் கருதவில்லை. 1916இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் அதை அமெரிக்காவுக்கு ஏற்றபடி மாற்றினார். கறுப்பின, மெக்சிக்க, செவ்விந்தியப் பிள்ளைகளைத் தனி வகுப்புகளில் ஒதுக்க வேண்டும் என்று அந்த ஆண்டே புத்தகத்தில் எழுதினார். கோல் செய்தவரின் மனசு இது.

1921இல் கலிஃபோர்னியாவில் மேதைப் பிள்ளைகளைத் தேடினார் டெர்மன். பெரும்பாலும் ஆசிரியர்கள் சொன்ன பிள்ளைகளுக்கே சோதனை. சுமார் 1,500 பேர் தேர்வானார்கள். ஏறக்குறைய எல்லாரும் வெள்ளைப் பிள்ளைகள். சோதனையில் தேறாத இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். இருவரும் பிற்பாடு நோபல் பரிசு வாங்கினார்கள். அந்த ஷாக்லியே கறுப்பர்களுக்கு அறிவு குறைவு என்று பிரசங்கம் பண்ணிக்கொண்டு திரிந்தது தனிக் கேவலம்.

1930களில் மார்ட்டின் ஜென்கின்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர் சிகாகோ பள்ளிகளுக்குள் போனார். 120க்கு மேல் மதிப்பெண் எடுத்த 103 கறுப்பினப் பிள்ளைகளைக் கண்டெடுத்தார். அவர் ஆராய்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் மதிப்பெண் 200. தேடினால் கிடைக்கிறார்கள். தேடியது யார் என்பதே விஷயம்.

இதே சோதனை இன்னொரு கதவையும் திறந்து வைத்திருந்தது: 'மந்தபுத்தி' வகுப்பு. சான் பிரான்சிஸ்கோவில் அதில் தள்ளப்பட்ட கறுப்பினப் பிள்ளைகளின் பெற்றோர் 1971இல் நீதிமன்றம் போனார்கள். கறுப்பின உளவியலாளர்கள் அந்தப் பிள்ளைகளை அவர்களுக்குப் பழகிய பேச்சில் மறுபடி சோதித்தார்கள். எல்லாரும் 'மந்த' எல்லைக்கு மேலே வந்தார்கள். பிள்ளைகளுக்குப் புது மூளை முளைத்துவிடவில்லை. கேட்ட விதம் மாறியது, அவ்வளவுதான். கறுப்பினப் பிள்ளைகளை அந்த வகுப்புக்கு அனுப்ப இச்சோதனையைப் பயன்படுத்தக்கூடாது என்று 1979இல் தீர்ப்பு வந்தது.

1954 தீர்ப்புக்குப் பிறகு நிறப் பிரிவினை சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் பல ஊர்களில் ஒரே கூரையின் கீழ் மீத்திறன் வகுப்பு வெள்ளையாகவே இருந்தது. புளோரிடாவின் பிரவார்டு மாவட்டத்திலும் ஆசிரியரோ பெற்றோரோ சொன்னால்தான் சோதனை. காசுள்ளவர்கள் தனியார் உளவியலாளரிடம் போகலாம். 2005இல் அங்கே ஒரு மாற்றம் செய்தார்கள்: இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முதற்கட்டச் சோதனை. தகுதி மதிப்பெண்ணை அவர்கள் குறைக்கவில்லை. ஆனாலும் தேர்வான கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் 80 சதவீதம் கூடியது. லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுடையது 130 சதவீதம். டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ இருவரின் ஆய்வு இதைச் சொல்கிறது. பிறகு நிதி வெட்டு வந்தது, ஏற்பாடு சுருங்கியது, பழைய இடைவெளியும் திரும்பி வந்தது.

'தகுதி', 'திறமை' என்று நம்மிடம் யாராவது பேச வந்தால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எத்தனை பிள்ளைகளைச் சோதித்தீர்கள், யாரை விட்டீர்கள், விடச் சொன்னது யார்?

இதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்றும் யோசிக்கிறேன். அந்த அம்மாவின் மகனை நான் அன்றும் கேட்கவில்லை. என் வகுப்பில் வந்தவர், வராதவர் கணக்கு பதிவேட்டில் இருக்கிறது. நான் கேட்காமலே விட்ட பிள்ளைகளின் கணக்கு எதிலும் இல்லை.