பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வருது?

நம்ம மாவட்டத்து மலையில் நடந்த ஒரு பழைய விஷயத்தை இந்த மலரில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலி நாட்டு டாக்டர். சின்னப் பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். மறு வருஷமே இத்தாலி பிரிட்டிஷாருக்கு எதிராகப் போரில் இறங்கியது. அவர் ஊர் திரும்ப முடியவில்லை. மகனைக் கொஞ்ச காலம் காவலில் வைத்தார்கள். 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினார்கள். எழுபது வயதைத் தாண்டியும் அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்.

இந்தியாவில் இருந்தபோது அவர் கைக்குழந்தைகளைப் பற்றி நிறையப் பேசினார். அது 1949-ல் சென்னையில் புத்தகமாக வந்தது. பிறந்த நாளிலிருந்தே குழந்தை சுற்றி நடக்கும் பேச்சை உள்ளே வாங்கிக்கொள்கிறது, யாரும் இலக்கணம் சொல்லித் தராமலே தாய்மொழி வந்துவிடுகிறது என்பதுதான் அவர் சொன்னது. முதல் ஆறு வருஷம் அதற்கு முக்கியம்.

1975 அக்டோபர் 2-ல் அங்கன்வாடித் திட்டம் வந்தபோது, சத்துணவு, தடுப்பூசியோடு முன்பருவக் கல்வியையும் சேர்த்தார்கள். 1980-ல், திண்டுக்கல் மதுரை மாவட்டத்தோடு இருந்த காலத்தில், கொட்டாம்பட்டியில் மாதாமாதம் பிள்ளைகளை எடை போடும் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு தந்தார். பசி தீர்ப்பதுதான் முதல் வேலை, அது சரி. ஆனால் அங்கன்வாடி என்றாலே சோறும் எடையும்தான் என்று நம் மனசில் பதிந்துவிட்டது. பேச்சு பின்னுக்குப் போயிருச்சு.

இப்போ பிள்ளை அழுதா செல்போனைக் கையில் கொடுத்துடுறோம். செல்போன் பேசும், பிள்ளை கேட்டதுக்குப் பதில் சொல்லாது. நிலக்கோட்டைப் பக்கம் பூக்கட்டும் அம்மா, பக்கத்தில் இருக்கும் பிள்ளைகிட்ட "இது மொட்டு, இது நாரு, எண்ணு பாப்போம்" என்று பேசினாலே அது பாடம்தான். வேலையும் நிற்காது, காசும் செலவில்லை. பிள்ளை மழலையில் ஏதாவது சொன்னா, நின்னு கேட்டுப் பதில் சொல்லணும்.

இரண்டு வயசாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசலைன்னா, "தானா வந்துரும்" என்று விடக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, காது கேட்குதான்னு பார்க்கச் சொல்லணும்.

மாதக் கூட்டத்தில் சேமிப்பும் கடனும் பேசி முடித்த பிறகு, நம்ம பிள்ளைகள் இந்த மாதம் என்ன புதுசாப் பேசுச்சுன்னும் ஐந்து நிமிஷம் பேசுவோம்.