அலைவரிசையும் அனுமதிப்பத்திரமும்

கல்முனைக்கு மேற்கே வயல்வட்டைகளை அண்டி அமைந்த ஊர் சவளக்கடை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடை செய்தது. நவம்பரில் தடையை நீக்கிற்று. இடைப்பட்ட மாதங்களில், கூட்டெருவை ஆக்குவது எவ்வாறு, ஏக்கருக்கு எவ்வளவு இடுவது என்பவற்றைத் தமிழ் உழவர்க்கு நாள்தோறும் காட்டுதற்கெனவே அமைந்த தொலைக்காட்சி அலைவரிசை இலங்கையில் இருக்கவில்லை.

அத்தகையதொன்றைத் தொடங்க விரும்புவோர் எவரிடம் செல்லுதல் வேண்டும்? வானொலி இங்கு 1925 டிசம்பரில் பிறந்து, நெடுங்காலம் அரசின் கையிலேயே வளர்ந்தது. தொலைக்காட்சியோ 1979 ஏப்ரலில் தனியார் முயற்சியாகத் தோன்றி, இரண்டு மாதம் நிறையுமுன்னரே அரசின் வசமாயிற்று. 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டம், பிறருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரத்தை அமைச்சரிடம் ஒப்படைத்தது. ஒருவர் கையில் அது தங்குவது நன்றன்று.

1997இல் ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபை ஒன்றை நிறுவும் சட்டமூலம் வந்தது. பெயர் புதிது; அமைச்சரின் பிடியோ பழையதே. வான் அலைகள் மக்களின் பொதுச்சொத்து, அவற்றைப் பங்கிடும் சபை அரசின் தலையீட்டினின்றும் சுதந்திரமாயிருத்தல் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கருதி, அச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்த்தது. சட்டமூலம் கைவிடப்பட்டது, 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுமதி முறையே தொடர்ந்தது.

2009 ஜூனில் தமிழுக்கென வசந்தம் தொலைக்காட்சி வந்தது. அதுவும் அரசுடைமை நிறுவனத்தின் அலைவரிசையே. செய்திக்கும் நாடகத்துக்கும் பாட்டுக்கும் பொதுவான அதில், மண்ணும் நீரும் தம் முறைக்குக் காத்திருக்க நேர்ந்தது.