லினக்ஸ் கெர்னலில் சாதன எண் பதிவு

சாதன எண் பதிவு என்பது, லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு சாதனக் கோப்பை அதற்குரிய டிரைவருடன் எண் வழியே இணைக்கும் ஏற்பாடு. சாதன எண்ணுக்கு இரு பகுதிகள் உண்டு. பொறுப்பேற்கும் டிரைவர் எது என்பதை முதன்மை எண்ணும், அதன் கீழுள்ள சாதனம் எது என்பதைத் துணை எண்ணும் காட்டும். 'டெவ்' கோப்புறையை விரிவாகப் பட்டியலிட்டால், சாதாரணக் கோப்புகளுக்கு அளவு வரும் இடத்தில் இவ்விரு எண்களும் வரும். எழுதுவதையெல்லாம் விழுங்கிவிடும் 'நல்' சாதனத்துக்கு 1, 3. 'எஸ்டிஏ' வட்டுக்கு 8, 0. அதன் முதல் பகிர்வுக்கு 8, 1.

பின்னணி

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.4 பதிப்பு வரை சாதன எண் 16 பிட் கொண்டது; முதன்மைக்கு 8, துணைக்கு 8. தரவைப் பைட் ஓட்டமாகக் கையாளும் கேரக்டர் சாதனங்களுக்கு, முதன்மை எண்ணுக்கு ஒரு கட்டம் என்ற சிறு அட்டவணையே போதுமானதாக இருந்தது. ஆனால் ஒரே ஒரு சாதனத்தை இயக்கும் டிரைவரும் 256 துணை எண்களையும் சேர்த்தே பிடித்துக்கொண்டது. எண்களுக்குத் தட்டுப்பாடு வந்தது.

2003 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்பு சாதன எண்ணை 32 பிட்டாக விரித்தது: முதன்மைக்கு 12, துணைக்கு 20. அதாவது 4,096 முதன்மை எண்கள். ஒவ்வொன்றின் கீழும் 10,48,576 துணை எண்கள். எண்ணுக்கு 8 பைட் வீதம் நேரடி அட்டவணை போட்டால் அதற்கே 32 ஜிபி தேவைப்படும். கெர்னல் தன் நினைவகத்தை வட்டுக்கு மாற்றி வைப்பதில்லை என்பதால் அத்தகைய அட்டவணைக்கு வழியே இல்லை.

சிக்கன அமைப்பு

இதற்குத் தீர்வாக அமைந்தது 255 கட்டங்கள் கொண்ட ஹேஷ் அட்டவணை. 64 பிட் கணினியில் இது 2,040 பைட் மட்டுமே. முதன்மை எண்ணை 255-ஆல் வகுத்து வரும் மீதியே கட்டத்தின் எண். எனவே 1, 256 ஆகிய இரண்டும் ஒரே கட்டத்தில் சங்கிலியாகக் கோக்கப்படும்.

சங்கிலியின் ஒவ்வொரு பதிவிலும் முதன்மை எண், தொடக்கத் துணை எண், துணை எண்களின் எண்ணிக்கை, 64 பைட்டில் பெயர், இரு சுட்டிகள் ஆகியவை இருக்கும். மொத்தம் 96 பைட். கேட்பது ஒரு துணை எண்ணாயினும் பத்து லட்சமாயினும் பதிவின் அளவு மாறாது. பதிவான வரம்புகளுக்கு மட்டுமே நினைவகம் செலவாகும் இந்தச் சிக்கனமே இவ்வமைப்பின் பெருஞ்சிறப்பு. சங்கிலி எண் வரிசையில் இருப்பதால், புதிய வரம்பு பழையதன்மேல் ஏறினால் உடனே தெரிந்துவிடும், பதிவு மறுக்கப்படும்.

பதியும் முறைகள்

டிரைவர் குறிப்பிட்ட எண்ணைக் கேட்கலாம், அல்லது தேர்வைக் கெர்னலிடமே விடலாம். பின்னதில் கெர்னல் 254-இலிருந்து கீழ்நோக்கிக் காலி எண்ணைத் தேடும். ஒற்றைச் சாதன டிரைவர்கள் 'மிஸ்க்' எனும் பொதுத் தொகுப்பில் முதன்மை எண் 10-ஐப் பகிர்ந்துகொள்ளலாம். அத்தொகுப்பில் 'ஃபியூஸ்' சாதனம் 229-ஆம், 'கேவிஎம்' சாதனம் 232-ஆம் துணை எண்ணில் உள்ளன.

டிரைவர் விலகும்போது தான் பெற்ற வரம்பைத் திருப்பித் தந்தாக வேண்டும். தவறினால் பதிவு நினைவகத்திலேயே தங்கும். கணினியை மறுதொடக்கம் செய்யும் வரை அந்த எண்கள் வேறெந்த டிரைவருக்கும் கிடைக்காது.