ரேடியோ ஊளையில் பிறந்த ஃபீட்பேக்

1912-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங், ஒரு வெற்றிடக் குழாயை வைத்துப் புது வேலை ஒன்று செய்து பார்த்தார். குழாயில் பெருகி வெளிவரும் மின்னலையில் ஒரு பங்கை எடுத்து, அதன் நுழைவாயிலுக்கே திருப்பி அனுப்பினார். காதோடு கருவியை ஒட்டி வைத்தாலும் சரியாகக் கேட்காத தொலைதூர நிலையங்கள் அறை முழுக்கக் கேட்டன. ஆனால், திருப்பி அனுப்பும் அளவு கொஞ்சம் மிஞ்சினால் போதும், ரேடியோ ஊளையிடும். அண்டை வீட்டு ரேடியோவிலும் அந்த ஊளை போய் இரையும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் வீலென்று அலறுகிறதே, அதுவும் இதே விளைவுதான்.

ஃபீட்பேக் என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது இப்படி ரேடியோக்காரர்களிடம்தான். இன்று அலுவலகம், பள்ளிக்கூடம், ஓட்டல் என்று எங்கும் ஒலிக்கும் இந்தச் சொல்லுக்கு ‘அபிப்பிராயம்’ என்ற பொருள் வந்து சேர்வதற்குச் சில பத்தாண்டுகள் பிடித்தன.

முதல் திருப்பம் தொலைபேசித் துறையில் நேர்ந்தது. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பேச வேண்டுமானால், மெலிந்துகொண்டே போகும் குரலை வழிநெடுகப் பெருக்கிகள் தூக்கிவிட வேண்டும். ஒவ்வொரு பெருக்கியும் குரலைச் சிறிது சிதைக்கும். அடுத்தது அந்தச் சிதைவையும் சேர்த்தே பெருக்கும். பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்டு பிளாக் ஆண்டுக்கணக்கில் இதோடு மல்லாடினார். 1927 ஆகஸ்ட் 2 காலை, வேலைக்குப் போக ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்தபோது விடை தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தாளிலேயே சுற்றுப்படத்தையும் சமன்பாட்டையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

ஆர்ம்ஸ்ட்ராங் கூட்டுவதற்குத் திருப்பி அனுப்பியதை, பிளாக் கழிப்பதற்குத் திருப்பி அனுப்பினார். ஒரு லட்சம் மடங்கு பெருக்கும் கருவி ஒன்று இருக்கிறது. வெளிவருவதில் நூறில் ஒரு பங்கை உள்ளே வருவதிலிருந்து கழித்தால், பெருக்கம் 99.9 மடங்காகச் சுருங்கிவிடும். பெரிய நஷ்டம் போலத் தோன்றும். ஆனால் குழாய்கள் பழசாகிக் கருவியின் சொந்தப் பெருக்கம் பாதியாகக் குறைந்துபோனாலும், மொத்தப் பெருக்கம் 99.8-க்குத்தான் இறங்கும். சிதைவும் அதே விகிதத்தில் அடங்கிவிடும். ஆற்றலைக் கொடுத்து நம்பகத்தை வாங்கும் இந்தப் பேரம் இருபதாம் நூற்றாண்டுப் பொறியியலின் மிகச் சிறந்த யோசனைகளில் ஒன்று. அன்று பலரால் இதை நம்ப முடியவில்லை. அமெரிக்கக் காப்புரிமை கிடைக்க ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகி, 1937 டிசம்பரில்தான் வந்தது.

திரும்பி வந்து திருத்தும் இந்தச் செயல் ஃபீட்பேக் என்ற பெயரைவிடப் பழையது. 1788-ல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் இரண்டு குண்டுகளைச் சுழலவிட்டார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து உயரும், நீராவி வரும் வழி குறுகும், வேகம் தணியும். சில இயந்திரங்கள் இதனாலேயே நிலைகொள்ளாமல் கூடிக் குறைந்து தவித்தபோது, அது ஏன் என்று 1868-ல் கணக்குப் போட்டுக் காட்டினார் இயற்பியலாளர் மேக்ஸ்வெல்.

இரண்டாம் உலகப் போரில், விமானத்தைக் குறிவைக்கும் பீரங்கிகளுக்குக் கணிதம் எழுதிய நார்பர்ட் வீனர், உடலியலாளர் ஆர்த்துரோ ரோசன்புளூத்திடம் ஒரு கேள்வி கேட்டார்: திருத்தம் அளவுக்கு மிஞ்சி, அலைபாய்ந்து தவிக்கும் நோய் மனிதருக்கு உண்டா? உண்டு என்றார் அவர். சிறுமூளை பாதிக்கப்பட்டவர் பென்சிலை எடுக்கக் கை நீட்டினால், கை அதைத் தாண்டிப்போகும், திரும்பி வரும், மறுபடி தாண்டும். இயந்திரத்துக்கும் உடலுக்கும் ஒரே இலக்கணம் என்ற அந்தக் கருத்து 1948-ல் வீனரின் ‘சைபர்நெடிக்ஸ்’ நூலாக வந்தது.

உடலிலிருந்து பேச்சுக்கு ஃபீட்பேக் என்ற சொல் தாவிய கதைதான் அதிகம் தெரிய வேண்டியது. 1946 கோடையில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. இன, மத வெறுப்பை எப்படிக் குறைப்பது என்று ஆசிரியர்களையும் சமூகப் பணியாளர்களையும் பழக்குவது நோக்கம். தலைமை ஏற்றவர் சமூக உளவியலாளர் குர்ட் லெவின். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியைவிட்டு வெளியேறிய யூதர்; அவருடைய தாய் நாஜிகளால் கொல்லப்பட்டார். பட்டறைக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் வீனர் பங்கேற்ற ஒரு மாநாட்டில் லெவினும் உட்கார்ந்திருந்தார்.

பகலில் குழுக்கள் விவாதிக்கும். இரவில் பயிற்றுநர்கள் மட்டும் கூடி, யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று குறிப்புகளை ஒப்பிடுவார்கள். ஓர் இரவு பங்கேற்பாளர்கள் சிலர் தாங்களும் கேட்கலாமா என்று வந்து நின்றார்கள். பயிற்றுநர்களுக்குத் தயக்கம், லெவின் உட்காரச் சொன்னார். தன்னைப் பற்றிய குறிப்பைக் கேட்ட ஒரு பெண், அன்று நடந்தது அப்படியில்லை என்று மறுத்துப் பேசினார். கூட்டம் சூடுபிடித்தது. அடுத்தடுத்த இரவுகளில் ஏறக்குறைய எல்லோரும் வந்து அமர்ந்தார்கள். பகல் வகுப்பைவிட இந்த இரவுப் பேச்சே தங்களை அதிகம் மாற்றியது என்றார்கள்.

லெவின் 1947 பிப்ரவரியில் இறந்துவிட்டார். அவ்வாண்டுக் கோடையில் மெய்ன் மாநிலத்தின் பெத்தல் ஊரில் அவருடைய சகாக்கள் இதையே ஃபீட்பேக் என்ற பெயரோடு ஒரு பயிற்சி முறையாக்கினார்கள். அங்கிருந்துதான் நிறுவனங்களுக்கும் வகுப்பறைகளுக்கும் ஃபீட்பேக் பரவியது.

வழியில் அர்த்தம் ஓரிடத்தில் தலைகீழானது. பொறியாளருக்கு நேர்மறை ஃபீட்பேக் என்றால் ஊளைக்குக் கொண்டுபோவது. எதிர்மறை என்றால் நிலைநிறுத்துவது. அலுவலகத்தில் முதலாவது பாராட்டு, இரண்டாவது திட்டு. இதனால் பெரிய தீங்கில்லை. ஆனால் பிளாக்கின் மின்சுற்றிலும் நியூ பிரிட்டன் கூடத்திலும் திரும்பி வந்தது அடுத்த செயலை மாற்றியது. இன்று குவியும் படிவங்களில் பெரும்பாலானவை யாரையும் எட்டுவதில்லை, எதையும் மாற்றுவதில்லை. பாதியில் அறுந்த அந்தக் கம்பிக்கு ஃபீட்பேக் என்ற பெயர் பொருந்தாது.

ஆகவே, அடுத்த முறை யாராவது படிவத்தை நீட்டினால், சென்ற முறை வந்த கருத்துகளால் இங்கே என்ன மாறியது என்று கேளுங்கள். பதில் கிடைத்தால், உட்கார்ந்து நிதானமாக எழுதிக் கொடுங்கள்.